ஓரத்தில் வைத்த சீட்டு

அவருடைய துணிச்சலைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் ஏழெட்டு மாதம் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். துணிச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருக்குக் கண் தெரியவில்லை. அப்படிப்பட்ட மனிதர் தினமும் இரண்டு வேளை பதினான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரத்துச் சந்துகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவள் நான். பழவங்காடிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாகக் கண் பரிசோதிக்கிறவள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. மாடியில் ஃபிரேம்களைத் தரம் பிரிக்கிற நீள மேசை ஒன்று உண்டு. அதில்தான் எங்கள் ஆட்டம். ரம்மியோ இருபத்தெட்டோ இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகமோ வீரனோ மந்திரமோ படமாகப் போட்டிருக்கும், கீழே அது என்ன செய்யும் என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு மலையாளிப் பெண்தான் எங்கள் கடைக்குக் கண்ணாடி போட வந்து இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்துவிட்டாள். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் மாமா ஒருவர் சேர்ந்தார். நாலாவது ஆள் இந்த வேன் டிரைவர். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட ஆறு வயது இளையவர். வேனில் பிள்ளைகள் இந்தச் சீட்டுகளை மாற்றிக்கொண்டு சண்டை போடுவதைப் பஞ்சாயத்துப் பண்ணிப் பண்ணியே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். பழவங்காடியில் எத்தனையோ கண்ணாடிக் கடை இருக்க, என் மேசையில் சீட்டுக்கட்டைப் பார்த்துவிட்டு எங்கள் கடைக்குள் நுழைந்தார்.

நாங்கள் ஆடும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். ஆளுக்கு ஒரு பாக்கெட் பிரிப்போம், பதினைந்து சீட்டு இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடது பக்கம் தள்ள வேண்டும். வலது பக்கத்திலிருந்து வருவதில் ஒன்றை எடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று பாக்கெட் தீரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் எல்லாம் தெரிந்துவிடும். சீட்டுகள் பச்சை, சிவப்பு என்று நிறவாரியாக இருக்கும்; வலது பக்கம் இருக்கிறவர் நல்ல பச்சைச் சீட்டைத் தள்ளிவிட்டால் அவர் பச்சை ஆடவில்லை என்று அர்த்தம், நாம் அள்ளிக்கொள்ளலாம். பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவர் மனதில் இருப்பதைப் படித்துவிடுகிற அந்தப் போதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் கடையிலும்கூட அப்படியே இருக்க ஆரம்பித்தேன். யாரையும் எதையும் கேட்பதில்லை. நானே புரிந்துகொண்டுவிடுவேன்.

கடைசியில் கையில் நாற்பத்தைந்து சீட்டு நிற்கும். அதில் இருபத்துமூன்றைப் பொறுக்கி, மற்றதை இறக்கச் சக்தி தரும் நிலச் சீட்டு பதினேழைச் சேர்த்தால் நாற்பது. அதுதான் டெக். எதை ஒதுக்குகிறோம் என்பதில்தான் பாதி ஆட்டம். ஆசைப்பட்டதையெல்லாம் வைத்துக்கொண்டால் கோவிந்தாதான். இதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. எவ்வளவு குப்பை வந்து சேர்ந்தாலும் அதிலிருந்து ஆடக்கூடிய ஒரு டெக்கைத் தேற்றிவிடுவேன். இது தேறாது, எழுந்திருக்கலாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கரியைக் கொடுத்தாலும் இவள் பாயசம் வைத்துவிடுவாள் என்று மாமா கேலி செய்வார். அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்திருப்பேன்.

டிரைவர் ஆரம்பத்தில் பச்சைதான் ஆடுவார். பெரிய பெரிய மிருகமாக இறக்கி மேசையை அடைத்து, ஒரு மணி நேரம் இழுத்து நம் உயிரை எடுப்பார். பிறகு திடீரென்று சிவப்புக்கு மாறினார். சீக்கிரம் இறக்கக்கூடிய சின்னச் சின்ன வீரர்கள், ஆறு சுற்றில் முடிந்துவிடும் ஆட்டம். பச்சையில் எவ்வளவு அருமையான சீட்டு வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார். நான் அவருக்கு இடதுபுறம் உட்காருகிறவள், எனக்குக் கொள்ளைதான். ஒருநாள் சும்மா கேட்டுவைத்தேன். மேசை நிறைந்தால் தலை சுற்றுகிறது என்றார். அவசரக்காரர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். மேசையில் குறைவாகச் சீட்டு இருந்தால்தான் அவரால் பார்க்க முடிகிறது, அதற்குத் தோதாகத்தான் டெக் கட்டுகிறார் என்று அப்போது உறைக்கவில்லை. அது அவருக்கே தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

துணிச்சல் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் தன் வீரனைத் தாக்க அனுப்பினால், எதிராளி தன் காவல் மிருகத்தை வைத்துத் தடுக்கலாம். பலம் குறைந்தது சாகும். இவர் இரண்டு பலமுள்ள ஒரு நோஞ்சான் பயலை, ஐந்து பலமுள்ள என் காவலுக்கு எதிரே அலட்டிக்கொள்ளாமல் அனுப்புவார். புத்தியுள்ளவர் யாரும் அப்படி அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால், கையில் ஒரு மந்திரச் சீட்டை ஒளித்து வைத்திருக்கிறார், தடுத்தால் நம் மிருகம் காலி என்று அர்த்தம். ஆகவே நாங்கள் தடுக்க மாட்டோம். அடி வாங்கிக்கொள்வோம். இப்படியே ஜெயித்துக்கொண்டிருந்தார் மனிதர். "என்ன நெஞ்சழுத்தம் பாருங்கோ, முகத்துல ஒரு சலனம் இல்லே" என்பார் மாமா. அந்தப் பெண் அதே வித்தையைத் தானும் செய்து பார்த்து ஒவ்வொரு தடவையும் தோற்றாள்.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வலது கைப்பக்கம் டீ ஃபிளாஸ்க் இருந்ததால் காவல் மிருகத்தை வழக்கம்போல மேசையின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தேன். அவர் தாக்கவில்லை. "ஓ, பெரிய ஆளு நிக்குதே" என்று யோசித்துவிட்டு அந்தச் சுற்றை விட்டுவிட்டார். எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, அவர் குனிந்து தன் கைச்சீட்டுகளைப் பார்க்கிற நேரத்தில் அதே சீட்டை ஓரத்துக்கு நகர்த்தினேன். உடனே நோஞ்சானை அனுப்பினார். தடுத்தேன். அவருடைய கையில் மந்திரமும் இல்லை, எதுவும் இல்லை. செத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, என் காவலைக் காட்டி, இது எப்போது இங்கே வந்தது என்று கேட்டார். மற்ற இரண்டு பேரும் அவர் நடிப்பதாக நினைத்துச் சிரித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு அவரை நிறுத்தி எதிரே உட்காரவைத்தேன். ஆறு மாதத்துக்கு முன்னால் லைசென்ஸ் புதுப்பிக்க அவருக்குக் கண் சோதித்தவளே நான்தான். அட்டையில் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். ஆறுக்கு ஆறு, பழுதில்லாத பார்வை என்று என் கையால் எழுதினேன், கடைக்கு வரும் டாக்டர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நேரே இருப்பதைத்தான் அட்டை சோதிக்கும். பக்கவாட்டில் என்ன தெரிகிறது என்று பார்க்க விரலை நீட்டினாலே போதும், ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை நான் அன்றைக்குச் செலவழிக்கவில்லை.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். விரலை ஆட்டிக்கொண்டு காதுப்பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். தெரிந்ததும் சொல்ல வேண்டும். காது தாண்டியது, கன்னம் தாண்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"தொடங்கியாச்சா அக்கா?" என்று கேட்டார்.

என் விரல் அப்போது அவர் மூக்குக்கு நாலு அங்குலத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மற்றக் கண்ணும் அப்படித்தான். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். கத்தித் தீர்த்துவிட்டேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாயே, உனக்கே தெரியாதா, வேனின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது என்றாயே, ஏன் என்று யோசிக்க மாட்டாயா என்று. தெரு ஒடுக்கம் அதனால்தான் என்று நினைத்ததாகச் சொன்னார். கொஞ்ச நாளாகக் கழுத்தை நிறையத் திருப்ப வேண்டியிருக்கிறது, சாயங்காலமானால் கழுத்து வலிக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். நிஜமாகத்தான் சொன்னார். அந்த நோய் அப்படி. கிளாக்கோமா வலிக்காது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், இல்லாததை மூளையே நிரப்பிக் காட்டிவிடும்.

மறுநாள் அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் கடைக்கு வந்தார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓண லீவுக்கு இன்னும் பத்து நாள் பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் பாடு என்ன ஆகும் என்று முனகினார். எனக்கு மனசு இளகிவிட்டது. பத்து நாள் அவகாசம் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஆட்டத்தில் இருக்கிற மாதிரியே கணக்குப் போட்டது என் மண்டை. இவரிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை? நேரே பார்வை இருக்கிறது, கை நிதானம், ரூட் மனப்பாடம். பக்கப் பார்வைதான் இல்லை. அதை வேறு எங்கிருந்தாவது சேர்த்தால் ஆயிற்று. தேற்றிவிடலாம்.

"நான் வாரேன். இடது பக்கம் இருந்து எல்லாத்தையும் சொல்லுதேன். பத்து நாள்தானே" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு சரி அக்கா என்றார்.

கடை முதலாளி முறுமுறுத்துக்கொண்டே காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் விட்டார். சின்ன வேன், ஆயா கிடையாது. முன் சீட்டில் நான் உட்கார்ந்துகொள்வேன். "இடது சைக்கிள். வலது ஆட்டோ. இடது அம்மச்சி, நில்லு." தொண்டை வறளும்வரை சொல்லிக்கொண்டே வருவேன். முதல் நாள் உயிர் போய் உயிர் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு அழகாக ஓடியது வண்டி. நான் பாதி சொல்லும்போதே அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. மூன்றாம் கிளாஸ் படிக்கும் ஒரு பெண் குழந்தை எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் சொல்வதற்கு முந்தி "இடத்து பூச்ச!" என்று பூனையைக்கூடக் கூவிச் சொல்வாள். வேன் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரிப்பார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு டெக்கை ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று நானே அவரிடம் சொன்னேன். வேறு டிரைவர் பார்த்தாயா என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் ஓணக் கொண்டாட்டம். காலையில் பட்டுப் பாவாடையும் பூக்கூடையுமாகப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். அன்றைக்கு மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். அந்தக் குழந்தை காலையிலேயே சொன்னாள், உச்சைக்கு விடும் ஆன்ட்டி என்று. இடது பக்கம் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. கடையில் ஓணக் கூட்டம். ஃபோனை டிராயரில் போட்டுவிட்டு இருட்டறைக்குள் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் அவரிடமிருந்து மூன்று மிஸ்டு கால்.

பிள்ளைகள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், வெயில், வீட்டிலெல்லாம் மத்தியானச் சாப்பாட்டோடு காத்திருக்கிறார்கள். அவர் மூன்று தடவை என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். பதினோரு பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கிவிட்டார். கரமனைப் பக்கம் ஒரு சந்தில் அந்தப் பெண் குழந்தை இறங்கினாள். கூடையிலிருந்து மிச்சப் பூ கீழே கொட்டிவிட்டது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் அந்தப் பாவாடை தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியவில்லை. வண்டியை நகர்த்தினார்.

குழந்தை பிழைத்துவிட்டாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தினமும் வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி என்று மகள் என்னைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கிறாளாம். நீங்கள் அன்றைக்கு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றார். நன்றியோடு சொன்னார் அந்த மனிதர். நான் தலையை ஆட்டினேன். பூமி பிளக்கவும் இல்லை, நான் உள்ளே போகவும் இல்லை.

போலீஸ் கடைக்கு வந்தது. லைசென்ஸ் காகிதத்தில் என் கையெழுத்தில் இருந்த ஆறுக்கு ஆறைக் காட்டி, சோதித்தபோது பார்வை சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றேன். அட்டையைப் பொறுத்தவரை அது உண்மை. நான் ஏன் வேனில் போனேன் என்று ஏற்கெனவே டிரைவரிடம் கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு அந்த வழியாகத்தான் கடைக்கு வரவேண்டும், லிஃப்ட் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். கண் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் டாக்டர் தடுத்ததையும் தானே ஒத்துக்கொண்டார். வேறு யாருக்கும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அதைப் படித்துக் காட்டினார்கள். சரிதானே என்று கேட்டார்கள். நான் மறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் எட்டு மணி வரை குளியலறையில் உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு.

சீட்டுகளைக் கழக்கூட்டத்துப் பெண் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மாமா மட்டும் ஒருநாள் ஃபோனில், அவன் தைரியம் தைரியம் என்று நாமதானே ஏத்திவிட்டோம் என்று தழுதழுத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை நான் சொல்லவில்லை.

ஜாமீனில் வந்த பிறகு டிரைவர் போனக்காட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விதுரை வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீடு, முன்னால் பாதி இடிந்த சுவர். அவர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து மேலே பார்த்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். தெரியவில்லை. நேரே போய் நின்ற பிறகுதான் வாங்க அக்கா என்றார். அண்ணி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தேன். கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கும் தெரியும், தெரிந்துதான் கூட வந்தேன், அந்தப் பத்து நாள் நீ கேட்டபோது நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், இளகிப்போய்விட்டேன், அதுதான் என் தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே ஒரு நிம்மதிகூட வந்தது, வெட்கக்கேடு. தப்பை ஒத்துக்கொள்வதிலும் எனக்கு ஒரு பெருமை.

அவர் டம்ளரைத் தடவி எடுத்து, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நான் பத்து நாள் கேக்கலியே அக்கா" என்றார். "நிறுத்தியாச்சுன்னு சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். பிள்ளைகள வேற வண்டிக்கு மாத்திவிட ஆள்கிட்டயும் பேசிட்டேன். நீங்க வாரேன்னு சொன்னீங்க. கண்ணப் பத்தித் தெரிஞ்சவங்க, நீங்களே சொல்லுதீங்களே, அப்போ ஓட்டலாம்போல இருக்குன்னு நெனச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாதே என்று, ஒரு கணக்கைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னார். நாலரை மணி பஸ் கடைசி பஸ் என்று அண்ணி உள்ளேயிருந்து ஞாபகப்படுத்தினாள். நான் எழுந்து நின்றேன். போகிறேன் என்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.